டீசல் கொட்டின மண்ணை மரத்தூள் சுத்தம் பண்ணுமா?

வயல்ல டீசல் கொட்டிப் போச்சுன்னா பலரும் முதல்ல என்ன செய்யறாங்க? ரெண்டு குடம் தண்ணி ஊத்தி அடிச்சு விடறாங்க. சிலர் சோப்புத்தூளும் போட்டு அடிக்கறாங்க. இன்னும் சிலர் மரத்தூளைத் தூவி, அதை அப்படியே மண்ணோட கொத்திப் புரட்டி விட்டுடறாங்க. மூணுமே தப்பு. மூணாவது மட்டும் பாதி சரி. அந்தப் பாதியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? மேல் மண்ணுல இருக்கற டீசல் கீழ இறங்கும். சோப்பு சேர்ந்தா இன்னும் சுலபமா இறங்கும். கண்ணுக்குத் தெரியாம போனதால சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சுக்கறோம், ஆனா அது கிணத்தைப் பார்த்துப் போயிட்டிருக்கு. யாழ்ப்பாணத்துல சுன்னாகம் பக்கம் கிணறுகள்ல எண்ணெய் மிதந்த கதை தெரிஞ்சிருக்கும். அங்க கீழ இருக்கறது சுண்ணாம்புக்கல். அதுல எண்ணெய் இறங்கினா தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. அங்க மின்நிலையம் நடத்தின நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தரணும்னு 2019-ல இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. பணம் கொடுக்கலாம், நிலத்தடி நீரைக் கழுவி எடுக்க முடியாது. அதனால முதல் விதி: தண்ணி ஊத்தாதீங்க.

சரி, உறிஞ்சு பொருளுக்கு வருவோம். மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு, உமி, வைக்கோல், இலவம்பஞ்சு, கரி எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு ‘எண்ணெயை உறிஞ்சும்’னு சொல்லிடறாங்க. உண்மையில இதுங்களுக்கு ரெண்டு வேற வேற வேலை இருக்கு. ஒண்ணு, இன்னும் மண்ணுல ஒட்டாம திரவமா நிக்கற எண்ணெயைக் குடிச்சு வெளிய எடுத்துட்டு வர்றது. இன்னொண்ணு, ஏற்கெனவே மண்ணுல ஒட்டிக்கிட்ட மிச்சத்தை மண்ணுக்குள்ளயே பிடிச்சு வச்சுக்கறது. முதல் வேலை மணிக்கணக்கு, ரெண்டாவது வேலை மாசக்கணக்கு. இந்த ரெண்டையும் குழப்பிக்கறதாலதான் தூளைத் தூவிக் கொத்தி விடற தப்பு நடக்குது.

முதல் வேலையைப் பார்ப்போம். கேன் சாஞ்சிடுச்சு, டீசல் பரவுது. உடனே சுத்தி மண்ணால ஒரு சின்ன வரப்பு கட்டுங்க. மேல காஞ்ச மரத்தூளைத் தாராளமாப் போடுங்க. ‘காஞ்ச’ங்கறது இங்க ரொம்ப முக்கியம். மரத்தூளும் நார்க்கழிவும் தண்ணியைத்தான் அதிகம் விரும்பும். நார்க்கழிவு தன் எடையைப் போல பல மடங்கு தண்ணி பிடிச்சு வைக்கும், அதனாலதான் நர்சரிக்காரங்க அதை வாங்கறாங்க. ஈரமா இருக்கற நார்க்கழிவுல டீசலுக்கு இடமே இருக்காது.

இலவம்பஞ்சு இதுக்கு நேர் எதிர். அதோட இழை உள்ள வெறும் குழாய், வெளிய மெழுகுப் பூச்சு. தண்ணி ஒட்டாது, எண்ணெய் சட்டுன்னு ஏறிடும். லேசா உதிர்த்துப் போட்டா தன் எடையைப் போல 30 மடங்குக்கு மேல எண்ணெய் குடிக்கும், தலையணை மாதிரி அடைச்சு வச்சா அவ்வளவு குடிக்காது. போடிநாயக்கனூர்ப் பக்கம் மூட்டை மூட்டையா விக்கற அதே பஞ்சுதான். மருந்துக்கடைப் பஞ்சு இந்த வேலைக்கு ஆகாது. அதுல மெழுகை எடுத்துடறாங்க, அது தண்ணியைத்தான் முதல்ல குடிக்கும்.

நெல் வயல்ல தண்ணி நிக்கும்போது டீசல் கொட்டினா? பதறிப்போய் மடையைத் திறந்து விடாதீங்க! டீசல் தண்ணியை விட லேசு, மிதக்கும். தண்ணி வடிஞ்சா அந்தப் படலம் அப்படியே சேத்துல போய் உக்காந்துக்கும், பக்கத்து வயலுக்கும் போகும். மடையை அடைங்க. பழைய கொசுவலையில இலவம்பஞ்சை நிரப்பி, நீளமா உருட்டிக் கட்டி, தண்ணி மேல மிதக்க விட்டு ஒரு மூலைக்கு இழுத்துட்டு வாங்க. மண்ணுல இறங்கறதுக்கு முன்னாடி மேலயே அள்ளிடலாம்.

உறிஞ்சின தூளை மண்ணுல விடவே கூடாது. மரத்தூள் மக்கறதுக்கே ஏகப்பட்ட தழைச்சத்து வேணும், டீசலைத் திங்கற நுண்ணுயிர்களுக்கும் அதே தழைச்சத்துதான் வேணும். ரெண்டும் போட்டி போட்டா நடுவுல உங்க பயிர் மஞ்சளாகும். அள்ளி, மூடி போட்ட டிரம்ல வச்சு, அடுப்பும் பீடியும் அண்டாத இடத்துல வைங்க. எருக்குழியிலயும் கொட்டக் கூடாது, கொளுத்தவும் கூடாது. அதை எங்க ஒப்படைக்கணும்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துல கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. இது எல்லாம் டீசலுக்கு. பெட்ரோலா இருந்தா ஆவியிலயே தீப்பிடிக்கும். மோட்டார் சுவிட்சைக் கூடத் தொடாம தள்ளி நில்லுங்க. பழைய இன்ஜின் ஆயில்ல ஈயம், துத்தநாகம் மாதிரி உலோகமெல்லாம் கலந்திருக்கும். உலோகத்தை எந்த நுண்ணுயிரும் தின்னாது. அந்த மண்ணைத் தோண்டி எடுக்கறதைத் தவிர வழியில்லை.

இப்ப ரெண்டாவது வேலை. மேல இருந்ததை அள்ளியாச்சு, ஆனா மண்ணு இன்னும் நாறுது. ஒரு பிடி மண்ணைக் கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டா வானவில் மாதிரி படலம் மிதக்குது. இதை எந்தத் தூளும் வெளிய இழுக்காது. இதைத் தீர்க்கறது மண்ணுல ஏற்கெனவே இருக்கற பாக்டீரியாதான். சூடோமோனாஸ் மாதிரி இனங்களுக்கு டீசல் ஒரு சாப்பாடு. ஆனா சாப்பாடு அளவுக்கு மீறி இருந்தா அதுங்களுக்கே விஷம். இங்கதான் உமிக்கரி வருது. 100 கிலோ மண்ணுக்கு 2-லிருந்து 5 கிலோ வரைக்கும் கலந்தா, நச்சுத்தன்மை உள்ள மூலக்கூறுகளைக் கரி தன் துளைகள்ல பிடிச்சு வச்சுக்கிட்டு மெதுவா விடும். பாக்டீரியா அந்த வேகத்துக்குத் தின்னு தீர்க்கும். ரஷ்ய மண் ஆய்வாளர்கள் கரியையும் பீட் மண்ணையும் சோதிச்சுப் பார்க்கறது இந்த எண்ணத்துலதான்.

நம்ம ஊர்லயும் இதே சிந்தனை உண்டு. டெல்லியில இருக்கற டெரி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின ‘ஆயில்ஜாப்பர்’ல, எண்ணெய் திங்கற பாக்டீரியாக்களை மக்காச்சோளக் கதிர்த் தண்டோட தூள்ல ஏத்தி வச்சிருக்காங்க. உறிஞ்சு பொருளே பாக்டீரியாவுக்கு வீடு. இதைப் பரப்ப டெரியும் ஓ.என்.ஜி.சி.யும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனமே வச்சிருக்காங்க.

பாக்டீரியாவுக்கு உரம் எவ்வளவு? ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், அதுல ஏறக்குறைய 700 கிராம் கார்பன். 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்துன்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு. அப்ப லிட்டருக்கு 150 கிராம் யூரியா, 100 கிராம் சூப்பர் பாஸ்பேட். மொத்தமாக் கொட்டாம மூணு நாலு தவணையாப் போடுங்க, யூரியா மிஞ்சினா பாக்டீரியாவே சாகும். மண்ணைத் தார்ப்பாய் மேல முக்கால் அடி உயரத்துக்குப் பரப்பி, வாரம் ஒரு தடவை புரட்டுங்க, காத்து வேணும். ஈரம், பிடிச்சா உருண்டை நிக்கற அளவுக்கு. மழைக்கு மூடி வைங்க. நம்ம ஊர் வெயில் இதுக்கு நல்ல துணை, ஆனாலும் மாசக்கணக்கு ஆகும். அவசரப்படாதீங்க.

முடிஞ்சுதான்னு எப்படிப் பார்க்கறது? நாத்தம் போனது மட்டும் போதாது. அந்த மண்ணு ஒரு தட்டுல, நல்ல மண்ணு ஒரு தட்டுல, ரெண்டுலயும் எண்ணி வச்சு பாசிப்பயறு போடுங்க. முளைப்பு சமமா வந்தா நல்ல அறிகுறி. காய்கறி, கீரை போடற நிலம்னா ஆய்வகச் சோதனை இல்லாம விதைக்காதீங்க.

கடைசியா ஒண்ணு. இது எல்லாம் ஒரு கேன், ஒரு பேரல் அளவுக்குத்தான். 2017 ஜூன் 30 அன்னைக்குக் கதிராமங்கலத்துல ஓ.என்.ஜி.சி. குழாய்ல கசிவு வந்து கச்சா எண்ணெய் வயலுக்குள்ள பரவின மாதிரி நடந்தா, மரத்தூள் மூட்டையைத் தூக்கிட்டு நீங்க இறங்காதீங்க. மாசு பண்ணினவங்கதான் சரிசெய்யற செலவை ஏத்துக்கணும்ங்கறது, வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல 1996-லயே உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தின சட்டம். யாரும் மண்ணை அள்ளி மூடறதுக்கு முன்னாடி படம் எடுங்க, தேதி தெரியற மாதிரி. மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல மேல் மண்ணு கொஞ்சம், ஒரு அடி ஆழத்து மண்ணு கொஞ்சம் எடுத்து வைங்க. கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கங்க.