பங்குனி மாலையில் வயலோரப் பறவைகள்

மன்னார்ப் பகுதியில் காலபோக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தப்படுமுன் வரும் பங்குனி மாதம், பறவைகளை அறிந்துகொள்ள ஏற்ற காலமாகும். வடக்கேயுள்ள குளிர் நாடுகளிலிருந்து வந்து தங்கிய பறவைகள் அப்பொழுது திரும்பிச் செல்லத் தொடங்குகின்றன. அவற்றையும் இங்கேயே வாழும் பறவைகளையும் ஒருங்கே காணலாம்.

தள்ளாடியை அடுத்த வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டில் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள இவ்விடத்தில் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் கூடுகின்றன. அருவியாற்றின் தேக்கம் அணையிலிருந்து நீர் பெறும் கட்டுக்கரைக்குளமோ வயலுக்கு நீரும் பறவைக்கு இரையும் அளிப்பது. 1976இல் தொடங்கப்பட்ட இலங்கைக் களப் பறவையியற் குழு போன்ற கழகத்தார் நாட்டின் நீர்ப்பறவைகளைக் கணக்கிட்டு வருகின்றனர். கமக்காரரும் அயலவருடன் கூடித் தம் வயல்வெளியில் இவ்வாறு செய்தல் நன்று.

ஐந்தாறு பேர் போதும். பிற்பகல் நாலரை மணிக்குப் புறப்பட்டு, வெயிலை முதுகுப்புறமாகக் கொண்டு, வரம்பு வழியே மெதுவாக நடத்தல் வேண்டும். மங்கிய நிற உடையும் குறைந்த பேச்சும் உகந்தவை. ஒருவர் நாள், இடம், பறவை, அது கொத்திய இரை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். பறவையின் பெயர் தெரியாவிடினும் குற்றமில்லை. அது உண்பது யாது என்பதே கமக்காரருக்கு முக்கியமாகும்.

உழவின் பின்னே நடக்கும் கொக்கு, புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் உண்ணும். மன்னார்க் கரையோரத்தில் காணப்படும் கரிச்சான், அந்தி நேரத்தில் அந்துப்பூச்சிகளைப் பறந்து பிடிக்கும். தகைவிலானும் நீலவாற் பஞ்சுருட்டானும் வானிலேயே பூச்சிகளைப் பற்றும். இருட்டியபின் எலிகளை வேட்டையாடுவது ஆந்தை. அதன் அலறல் அபசகுனம் எனக் கல்லெறிவோர், எலிகளுக்கே உதவி செய்கின்றனர்.

எல்லாப் பறவைகளும் நண்பர்கள் அல்ல. கதிர் முற்றும்போது தினைக்குருவிகளும் கிளிகளும் நெல்லைக் கொத்தும். நீலத்தாழைக்கோழி இளம் பயிரை முறிக்கும். இவற்றை ஒளிவீசும் நாடா கட்டியும் ஓசை எழுப்பியும் விரட்டலாம். நஞ்சு கலந்த தானியம் வைப்பின், தீங்கற்ற பறவைகளும் மாளும்.

பூச்சியைக் கண்ட மாத்திரத்தில் பீடைநாசினி தெளித்தலும் தகாது. அது சிலந்தி, தும்பி முதலிய நன்மை செய்யும் உயிர்களை அழிப்பதால், கபிலநிறத் தத்தி முன்னிலும் மிகுதியாகப் பெருகக்கூடும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் மடியும். ஓர் ஆந்தையை இழக்கும் வயலில், அது பிடித்திருக்கக்கூடிய எலிகள் எஞ்சிப் பெருகும். ஆதலால், முதலில் வயலைச் சுற்றி நோக்கி, பீடையின் அளவை அறிந்து, விவசாயப் போதனாசிரியரைக் கலந்து ஆலோசித்த பின்னரே மருந்து தெளித்தல் வேண்டும்.

நெல் வயலிலும், கத்தரி, மிளகாய்த் தோட்டங்களிலும் பயிரைவிடச் சற்று உயரமான கம்புகளை நட்டு, குறுக்குக் கழி கட்டி விடுக. கரிச்சான் அதில் அமர்ந்து புழுக்களையும் பூச்சிகளையும் பிடிக்கும். நெற்கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வயலிலுள்ள கம்புகளை அகற்றிவிடுதல் அவசியம். இன்றேல் தானியம் உண்ணும் குருவிகளும் அவற்றில் வந்து அமரும்.

சிறுபோகத்தில் மீண்டும் ஒரு மாலை அவ்வரம்பிலேயே நடந்து, இரு குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்க. எவ்வயலில் எந்நண்பர் குறைந்தனர் என்பது அப்பொழுது புலனாகும்.