மாலைச் சீனி

மாத்தளை மாவட்டத்தில் கிட்னி வருத்தம் என்று பேச்செடுத்தால் கை நீளுவது வில்கமுவ பக்கம்தான். மகாவலியை ஒட்டிய விவசாய ஊர்கள் அவை. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னதென்று முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் அங்கும் பரவலாகக் கண்டறியப்பட்டது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று வைத்தியப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருக்க, இந்த நோய் சீனியும் பிரஷரும் இல்லாத, வெயிலில் மண்வெட்டி பிடித்த ஆட்களைத் தேடிப் பிடித்தது.

நோயைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதன் பின்கதையைத்தான் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. வாழ்நாளில் சீனி வருத்தமே அறியாத அந்த விவசாயிக்கு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு சீனி வருகிறது. பிரஷர் ஏறுகிறது, கொழுப்புக் கூடுகிறது. கிட்னி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு காலை வாரிவிடுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவர்களின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களில் இதய நோய் ஒன்று என்பது உலகெங்கும் கண்ட உண்மை.

இலங்கையில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது 1985இல். மாத்தளைக்காரர்களுக்கு இந்தச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் கண்டிதான். 2017 ஜூலையில் நாட்டின் முதலாவது இதய மாற்றையும் செய்த வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. மாத்தளை நகரிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். வில்கமுவவிலிருந்து போவதென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். அவ்வளவு தூரம் போய்த் திரும்பியவரிடம் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "கிரியேட்டினின் எவ்வளவு?" கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு அது. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுதான்; சீனியைப் பற்றிப் பேச்சே எழாது.

சீனி எங்கிருந்து வருகிறது? பிறருடைய உறுப்பை உடல் எதிரியாகப் பார்த்துத் தாக்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். 1954இல் பொஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுக்கு அவை தேவைப்படவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சான இரட்டையர். மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ப்ரெட்னிசொலோன் பசியைத் தூண்டி, இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் செய்துவிடும். டக்ரோலிமஸ் இன்சுலினைச் சுரக்கும் கணையத்தையே சோர வைக்கும். சைக்ளோஸ்போரின் பிரஷரையும் கொழுப்பையும் ஏற்றும். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், மாற்றுக்குப் பிறகு பத்துப் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை புதிதாக நீரிழிவுக்கு ஆளாகிறார்கள். தெற்காசிய உடம்பு இதற்கு இன்னும் எளிதாக இடங்கொடுக்கும்.

இதில் ஒரு கண்ணாமூச்சி உண்டு. ப்ரெட்னிசொலோனைக் காலையில்தான் குடிப்பார்கள். அதன் வேகம் பகலில் ஏறி, இரவில் அடங்கிவிடும். விடியற்காலை வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தால் சீனி 100க்குள் நல்ல பிள்ளையாக இருக்கும். பகல் சோற்றுக்குப் பிறகு, மாலை நான்கு மணியளவில் பார்த்தால் 200ஐத் தாண்டியிருக்கலாம். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையையும் முதல் சில மாதங்களுக்கு முழுதாக நம்ப முடியாது. இரத்தசோகையும் இரத்தம் ஏற்றியதும் அதைக் குறைத்துக் காட்டக்கூடும். காலைப் பரிசோதனையை மட்டும் பார்த்து நிம்மதியடையும் பழக்கம் நம் கிளினிக்குகளில் மாற வேண்டும் என்பேன். குளுக்கோமீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் மாலையில் ஒரு துளி இரத்தம் போதும்.

சாப்பாட்டுக்கு வருவோம். டயலிசிஸ் காலத்தில் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரையை அவித்து நீரைக் கொட்டிவிட வேண்டும், தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும். மாற்று முடிந்ததும் இந்த வேலிகளில் பல ஒரேயடியாக விழுந்துவிடுகின்றன. மாத்திரை வேறு பசியைக் கிளப்புகிறது. பல காலம் வாயைக் கட்டியவருக்கு வீடே விருந்து வைக்கிறது: பலாக்காய்க் கறி, தேங்காய் ரொட்டி, மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேநீர். இரத்தோட்டைத் தோட்ட லயத்தில் என்றால் கருவாடும் சேரும். அதன் உப்பு நேராகப் பிரஷருக்குப் போகும். முகம் உருண்டு வயிறு வைத்தால், "ஆள் தேறிவிட்டார்" என்று ஊர் மெச்சுகிறது. மெலிந்து கறுத்துப் போன மனிதரைப் பார்த்து அழுத வீடு அது; அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேறியதில் பாதி மாத்திரையின் ஊதல், மீதி இடுப்புக் கொழுப்பு. "தையல் போட்ட உடம்பு" என்று வருடக்கணக்கில் திண்ணையில் உட்கார வைப்பது இன்னொரு தீங்கு. காயம் ஆறி வைத்தியர் சரி சொன்ன பிறகு தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

கொழுப்பு மாத்திரையை அநாவசியம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. 2003இல் வெளியான அலர்ட் ஆய்வில், சிறுநீரக மாற்றுப் பெற்ற 2,102 பேருக்கு ஃப்ளுவாஸ்டட்டின் என்ற ஸ்டட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஐந்தாண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். எல்லா இதயப் பாதிப்புகளையும் சேர்த்த முதன்மைக் கணக்கில் தெளிவான வெற்றி இல்லை. ஆனால் இதய மரணமும் மாரடைப்பும் மட்டும் என்று எண்ணியபோது, மருந்து குடித்தவர்களிடம் 35 சதவீதம் குறைவு. எந்த ஸ்டட்டினும் ஆகும் என்று அர்த்தமில்லை. சைக்ளோஸ்போரின் குடிப்பவர் சிம்வாஸ்டட்டினைத் தொடக்கூடாது, தசை சிதையும். அதனால் தனியார் டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டியே தீர வேண்டும்.

சீனி ஏறுகிறதே என்று டக்ரோலிமஸைத் தானாகக் குறைப்பவர் கிட்னியையே இழக்கலாம். அளவை மாற்றுவது கிளினிக் வைத்தியரின் வேலை. நாட்டு மருந்தும் பத்தியமும் அவரிடம் கேட்காமல் வேண்டாம். பழத்தில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று: பம்பளிமாஸ், டக்ரோலிமஸைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். அந்தக் கூடுதல் மருந்து பிரஷரை உயர்த்தும், சீனியை உயர்த்தும், கடைசியில் கிட்னியையும் தாக்கும்.