ஆயர் வராத ஞாயிறு

ஆயர் ஒருவர், சபைகள் பல, ஞாயிற்றுக்கிழமை காலையோ ஒன்றுதான். தென்னிந்தியத் திருச்சபையில், ஓர் ஆயரின் கீழ் வரும் சபைத் தொகுதிகளான கிராமச் சேகரங்களில் எங்கே போனாலும் இந்தக் கணக்கு இடிக்கும். டவுன் கோயிலில் ஆயர் ஆராதனை நடத்திக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஓர் ஏரிக்கரைக் கிராமத்தில் பாயை விரித்து, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வேதம் வாசித்துப் பிரசங்கம் பண்ணுவது என்னைப் போன்ற ஆட்கள். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குருப்பட்டம் கிடையாது, அங்கி கிடையாது, சம்பளமும் கிடையாது. பேராயர் கையெழுத்திட்ட ஒரு தாள் மட்டும் பீரோவில் இருக்கிறது.

“பிரசங்கம் பண்றதுக்கும் லைசென்ஸா சார்? ஆட்டோ ஓட்டத்தான் கேப்பாங்கன்னு நெனச்சேன்” என்று எதிர்வீட்டுத் தறிக்காரர் ஒருமுறை சிரித்தார். நியாயமான சிரிப்புதான். ஆனால் பேராயர் தலைமையில் இயங்கும் சபைகளில், அதாவது எபிஸ்கோப்பல் மரபில் வந்த பல சபைகளில், இது பழைய வழக்கம். பேராயர், ஆயர், உதவிகுரு என்ற மூன்று பட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, இன்னின்ன வேலையை இந்த இடத்தில் செய்யலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். எங்களை லே பிரீச்சர் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் சம்பளத்துக்கு முழுநேரமாகச் சபையைக் கவனித்தவர்கள் உபதேசியார்கள்.

பயிற்சி என்றதும் நினைவுக்கு வரும் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று 2006இல் அரசாணை வந்தது, பள்ளிகள் தொடங்கின, 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்தவர்களுக்குப் பணி ஆணை கிடைத்தது. அங்கே கேள்வி, யாரெல்லாம் கருவறைக்குள் போய்ப் பூசை செய்யலாம் என்பது. எங்கள் கேள்வி வேறு. குருவாக ஆகாமலே, ஆக ஆசைப்படாமலே, ஒருவர் என்னென்ன செய்யலாம்?

குருவின் வேலை, மற்றவர் வேலை என்ற இந்தப் பிரிவினை காஞ்சிபுரம் பக்கத்திலுள்ள என் ஊரான கூரத்துக்குப் புதிதல்ல. கூரம் என்றதும் வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வானைச் சொல்வார்கள். நான் அவருக்கும் முந்திய ஒரு செப்பேட்டைச் சொல்வேன். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் இங்கே ஒரு சிவன் கோயிலுக்கு நிலம் கொடுத்தான். அந்தக் கூரம் செப்பேட்டில் நிலத்தைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். பூசைக்கும் கோயில் பழுது பார்ப்பதற்கும் அனந்தசிவாசாரியருக்குப் பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொண்டுவர ஒரு பங்கு. அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு. பூசை செய்பவர் வேறு, ஊருக்கு வாசித்துக் காட்டுபவர் வேறு. வாசிப்பவருக்கு அன்று நிலமே கிடைத்திருக்கிறது என்பதை எங்கள் சேகரக் கமிட்டியின் கவனத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பலனில்லை.

தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் சபைகள் வேர்பிடித்ததே குருப்பட்டம் இல்லாதவர்களால்தான். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். இந்தியர்களில் முதல்வராக ஆரோன் அந்தச் சபையில் குருப்பட்டம் பெற்றது 1733 டிசம்பரில். இடைப்பட்ட 27 ஆண்டுகள் கிராமம் கிராமமாகப் போய்ச் சபையை நடத்தியவர்கள் உபதேசியார்கள். ஆரோனும் அப்படி உழைத்தவர்தான். வெள்ளைக்கார மிஷனரிகள் தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில் அங்கே வேலை செய்த ராஜநாயக்கன் ஒரு சிப்பாய். பிறகு திருநெல்வேலியில் இதை ஒரு படிப்பாகவே ஆக்கினார்கள். பாளையங்கோட்டையில் உபதேசியார்களைத் தயாரித்த பிரிபரண்டி பள்ளியும், ஜி. யு. போப் சாயர்புரத்தில் நடத்திய செமினரியும் அந்த வகை.

காஞ்சிபுரம் பக்கம் ஸ்காட்லாந்து மிஷன். இங்கே கிராமத்து வாத்தியார்தான் எல்லாம். திங்கள் முதல் வெள்ளி வரை அ, ஆ சொல்லிக்கொடுப்பார், ஞாயிறன்று அதே கூரையடியில் ஜெபம் நடத்துவார். என் தாத்தா அப்படிப்பட்ட ஒருவர். 1939 முதல் 1946 வரை காஞ்சிபுரத்தில் மிஷனரியாக இருந்த லெஸ்லி நியூபிகின் காலமும் தாத்தாவின் அதே காலம்தான். பின்னால் மதுரைக்கும் சென்னைக்கும் பேராயரான அதே நியூபிகின். காஞ்சிபுரம் ராமகிருஷ்ண மடத்துத் தலைவரோடு உட்கார்ந்து உபநிடதமும் நற்செய்தியும் படித்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். பின்னர் மிஷன் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதும் கைமாறியபோதும் எங்கள் பக்கத்தில் வாத்தியார் போனார். அவரோடு ஞாயிறு ஜெபத்தை நடத்த இருந்த ஆளும் போனார். அந்த இடத்தைத்தான் லே பிரீச்சர்கள் நிரப்புகிறார்கள்.

பயிற்சி எப்படியிருக்கும்? பேராயத்துக்குப் பேராயம் மாறும். எங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, ஆராதனை ஒழுங்கு, நோயாளியைப் பார்க்கப் போனால் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்பது வரை. (கால் மணி நேரம். காப்பி கொடுத்தால் இருபது நிமிடம்.) இன்னும் ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு 1971இல் பெங்களூரில் தொடங்கிய டாஃப்டீ போன்ற அமைப்புகள் உண்டு. வேலையை விடாமல் ஊரிலிருந்தே இறையியல் படிக்க வழி செய்தவை அவை.

எல்லாவற்றிலும் கடினமானது மாதிரிப் பிரசங்கம். பத்து நிமிடம், எதிரே சக மாணவர்கள், கையில் கடிகாரத்தோடு ஆயர். என்னோடு படித்த ஒருவர் கூலிக்குப் பட்டு நெய்பவர். அவருக்கு விழுந்த பகுதி யோபு ஏழாம் அதிகாரம். தன் நாட்கள் நெசவாளியின் நாடாவைவிட வேகமாக ஓடுவதாக யோபு புலம்பும் இடம். நம்மாள் எழுந்து நின்றார். “யோபு வெறும் ஒடல்தான் நெஞ்சிருக்கணும். கோர்வ போட்டிருந்தா இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரு” என்று ஆரம்பித்தார். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒவ்வொரு ஊடைக்கும் நாடாக்களை மாற்றிப் போட வேண்டும், கரைப்பக்கம் கைகொடுக்கத் துணையாள் வேண்டும், ஒருநாள் முழுக்க நெய்தாலும் வளர்வது கொஞ்சம்தான் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். வகுப்பே வாயைப் பிளந்து கேட்டது. முடிந்ததும் ஆயர் கடிகாரத்தை மூடினார். “ஒம்போது நிமிஷம் தறி, ஒரு நிமிஷம் யோபு. அடுத்த வாரம் திருப்பிப் போட்டுக் கொண்டாங்க.” அடுத்த வாரம் அவர் அப்படியே செய்தார், பிரசங்கம் சப்பென்று இருந்தது. முதல் வாரத்துப் பிரசங்கத்துக்குத்தான் நான் மதிப்பெண் போட்டிருப்பேன்.

உரிமத்தில் எழுதியிருக்கும் வேலைகள் கொஞ்சம். எழுதாமல் விட்டவைதான் முக்கியம். ஆராதனை முடிவில் ஆயர் கையை உயர்த்தி ஜனங்களுக்கு ஆசி கூறுவார். நாங்கள் கையைக் கூப்பிக்கொண்டு, எங்களையும் சேர்த்து எல்லோருக்குமாக ஆசி கேட்போம். பாவமன்னிப்பிலும் அப்படித்தான். திருவிருந்து எங்களால் ஆகாது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதற்குத் தாளே வேண்டாம், அந்த அவசரத்தில் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்கும் எரிச்சல்தான். பிறகு ஒரு சம்பவம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், சர்க்கரை வியாதிக்காரப் பாட்டி ஒருத்தியிடம் விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டாள். கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த மனிதரை யாரிடம் போய்க் கேட்பது? அவருக்கு மேலே யாருமில்லை. நான் அப்படி உளறினால் அந்தப் பாட்டியின் மகன் ஆயரிடம் போகலாம், ஆயர் பேராயருக்கு எழுதலாம், என் தாள் பறிபோகும். அதில் காலக்கெடு வேறு உண்டு, முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பிரசங்கம் கேட்கிறவர்கள் நடுவில் எழுந்துபோக முடியாது, எதிர்க்கேள்வி கேட்கவும் முடியாது. அவர்கள் பக்கம் நின்று கேள்வி கேட்க ஓர் ஆள் இருப்பதற்காகத்தான் அந்தக் கையெழுத்து என்பது எனக்கு அன்று விளங்கியது.

வெளிநாட்டுச் சபைகளிலும் இப்படி உரிமங்கள் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபை, எங்களைப் போன்றவர்களுக்கான, வழக்கொழிந்து கிடந்த வாசகர் பதவியை 1866இல் மீண்டும் கொண்டுவந்தது, பெண்களுக்கு அதைத் திறந்துவிட 1969 ஆயிற்று. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில் வேலைக்கு வேலை தனித்தனி உரிமம். ஆராதனை நடத்த ஒன்று, பிரசங்கிக்க ஒன்று, உபதேசிக்க ஒன்று, ஆராதனையில் திருவிருந்து பரிமாற உதவுவதற்கு ஒன்று, ஆயர் ஆசீர்வதித்த அப்பத்தையும் ரசத்தையும் படுத்த படுக்கையாய் இருப்பவர் வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்று.

இந்தக் கடைசி உரிமத்தின்மேல்தான் எனக்குக் கண். கிராமச் சபைக்குத் திருவிருந்து என்பது ஆயர் வருகிற மாதத்தில் மட்டும். நடக்க முடியாத கிழவிகளுக்கு அதுவும் தவறிவிடும். திருவிருந்தை யார் நடத்தலாம் என்பது பழைய வழக்கு. ஸ்காட்லாந்து மிஷன் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, சபைகளின் இணைப்புப் பேச்சுவார்த்தையில் இதற்காக வாதாடியது. அனுமதி பெற்ற சாதாரணச் சபையாரும் திருவிருந்து நடத்தலாம் என்றது. ஆங்கிலிக்கன் தரப்பு ஒப்பவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் எல்லோரும் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானபோது திருவிருந்து நடத்துவது பேராயருக்கும் ஆயருக்கும் மட்டும் உரியதென்று நின்றுவிட்டது. அதைத் திரும்பக் கிளறச் சொல்லவில்லை. ஊரிலேயே மதிப்புள்ள மூத்தவர் ஒருவருக்குக் கௌரவ ஆயராகப் பட்டம் கொடுக்கலாம், அது தென்னிந்தியத் திருச்சபையில் ஏற்கெனவே உள்ள வழக்கம்தான். அது தாமதமாகும் என்றால், டவுன் கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு அப்பத்தையும் ரசத்தையும் நாங்கள் ஸ்கூட்டரில் எடுத்துப்போய் நோயாளிகளுக்காவது கொடுக்க அனுமதியுங்கள் என்று சேகரக் கமிட்டியில் எழுதியே கொடுத்தேன்.

இறையியல் ஆட்சேபம் வரும் என்று பதில்களோடு போயிருந்தேன். ஆயர் தலையை ஆட்டினார், பேராயரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பொருளாளர்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் காசை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டார். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.