குழாய் எத்தனை நாள் இருக்கிறது?

பத்துமலை வட்டாரத்தினருக்குப் பக்கத்திலுள்ள பெரிய அரசாங்க மருத்துவமனை செலாயாங். அங்கோ வேறு மருத்துவமனையிலோ உறவினரைப் பார்க்கப் போனபோது, சில கட்டில்களின் ஓரத்தில் மஞ்சள் நீர் நிறைந்த பை ஒன்று தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். நோயாளியின் சிறுநீர்ப்பையிலிருந்து வரும் குழாயோடு இணைந்த பை அது. அந்தக் குழாய்க்குக் கத்தீட்டர் என்று பெயர்.

இன்று பரவலாகப் பயன்படும் கத்தீட்டரை 1930களில் வடிவமைத்தவர் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஃபோலி. நுனிக்கு அருகே ஒரு சிறு பலூன் இருக்கும். உள்ளே சென்றதும் அதில் தூய நீரை நிரப்பினால் குழாய் நழுவாது. அருமையான யோசனைதான். ஆனால், சிறுநீர் நுழையும் துளை பலூனுக்கு மேலே இருக்கிறது. அடிமட்டத்துக்குச் சற்று மேலே குழாய் பொருத்திய தண்ணீர்த் தொட்டி முழுதாகக் காலியாகுமா? அதுபோலக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் உள்ளே தேங்கிவிடும்.

சாதாரணமாக நாம் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம், உள்ளே ஏற முயலும் பாக்டீரியாவும் அடித்துச் செல்லப்படும். கத்தீட்டர் இருந்தால் இந்த இயற்கைக் கழுவல் நின்றுவிடும். பாக்டீரியா குழாயின் வெளிப்புறமாக மேலே ஏறும். பையிலிருந்து உட்புறமாகவும் ஏறும். குழாயில் ஒட்டிக்கொண்டு வழவழப்பான படலம் ஒன்றையும் போர்த்திக்கொள்ளும். சில நாள் கழுவாத பூச்சாடியின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், புரியும். இந்த உயிர்ப்படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் எளிதில் அழிக்க முடியாது. புரோட்டியஸ் என்ற பாக்டீரியா இன்னும் மோசம். அது யூரியாவைச் சிதைத்து அமோனியாவாக்கும், சிறுநீரின் பி.எச். மதிப்பு ஏறும், தாதுக்கள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? பெண்களின் சிறுநீர் வடிகுழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. வரை இருக்கும். எனவே பெண்களிடம் கிருமி கடக்க வேண்டிய தூரம் குறைவு. முதியவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைவு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இது சிறிய எண்ணிக்கையல்ல.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நாள் கணக்கு. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் புதிதாகப் பாக்டீரியா சேர்கிறது. ஒரு மாதமானால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கும். ஆனால் பாக்டீரியா இருப்பதும் நோய்த்தொற்றும் ஒன்றல்ல. காய்ச்சல், அடிவயிற்று வலி போன்ற அறிகுறி இல்லாதவருக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. தேவையின்றிக் கொடுத்தால், மருந்தை எதிர்க்கும் கிருமிகளே பெருகும்.

பார்க்கப் போகிறவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு. பை இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதை மெத்தைமேல் தூக்கி வைப்பார்கள். புவியீர்ப்பு அங்கேயும் வேலை செய்யும் அல்லவா? பையிலுள்ள சிறுநீர் திரும்பி ஓடும். சக்கர நாற்காலியில் போகும்போதும் பை சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக்கூடாது.

“டாக்டர், பாட்டிக்கு இந்த டியூப் இன்னும் வேணுமா?” என்று குடும்பத்தினர் தாராளமாகக் கேட்கலாம். சிறுநீர் அடைப்பு உள்ளவருக்கும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மணிக்கு மணி சிறுநீரை அளக்க வேண்டியவருக்கும் அது வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்த பலருக்கு ஓரிரு நாளில் எடுத்துவிடலாம்.