நகரப் புதுப்பிப்பும் போக்கியக் குடித்தனமும்

மர்பி டவுன் எப்படி உண்டானது என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலருக்கும் தெரியாது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் ஆட்டிப்படைத்தது. நெருக்கடியான பேட்டைகளைக் கலைத்து, காற்றோட்டமான புதுப் பகுதிகளை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் கண்டோன்மெண்ட் அதிகாரிகளுக்கு அதற்குப் பிறகுதான் வலுத்தது. பிரேசர் டவுன் அப்படி வந்ததுதான். 1920-களில் ஏழை எளியவர்களுக்கான மாதிரிக் குடியிருப்பாக எழுந்தது நம் மர்பி டவுன். அப்போது அதற்குப் பெயர் நாக்ஸ்பேட்டை. 1930-களின் இறுதியில் மர்பி டவுன் ஆனது. ஆக, இந்தப் பேட்டையே அந்தக் காலத்து நகரப் புதுப்பிப்பின் பிள்ளை. அன்றைக்கு விவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துரைமார் வரைபடம் போட்டாங்க, ஜனங்க குடிவந்தாங்க, அவ்வளவுதான்.

இன்றைக்கு விவாதத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதில் யார் பேசுகிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் வாசலிலேயே நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2006 ஜூன் 24 அன்று பிரதமர் மன்மோகன் சிங் பெங்களூர் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டினார். அல்சூரைத் தாண்டியதும் ரயில் எந்த வழியாகப் போவது என்பதில்தான் தகராறு. சி.எம்.எச். சாலை வழியாக என்றது திட்டம். அந்தச் சாலை வணிகர்கள் ஒன்றுசேர்ந்து, பழைய மெட்ராஸ் சாலை வழியாகவே கொண்டுபோங்கள் என்று போராடினார்கள். நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். தடம் மாறவில்லை. 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. சாலை வரை ரயில் ஓடத் தொடங்கியது. வணிகர்கள் கேட்டது நடந்திருந்தால் மர்பி டவுன் ஓரமாகவே தூண்கள் எழும்பியிருக்கும். பல வருஷம் நடந்த அந்தச் சண்டையில் கடைக்காரர்கள் பேசினார்கள், கட்டட உரிமையாளர்கள் பேசினார்கள், மரங்களுக்காகவும் ஆர்வலர்கள் பேசினார்கள். வாடகைக்குக் குடியிருந்தவர் குரல் பெரிதாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எதிர்த்தால் ஒன்றும் நடக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்ட அரசு முனைந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்து நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசே அதைக் கைவிட்டது.

இதற்கு நேரெதிர் கதை ஈஜிபுரா. 1990-களின் தொடக்கத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி அங்கே அடுக்குமாடிக் குவார்ட்டர்ஸ் கட்டியது. கட்டட லட்சணம் எப்படி இருந்தது என்றால், சில வருஷங்களிலேயே பிளாக்குகள் இடிந்து விழ ஆரம்பித்தன. பிறகு ஜனங்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்தார்கள். 15 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த நிலத்தில் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு, மறு பகுதியில் தனியாருக்கு வணிக வளாகம் என்று ஒப்பந்தம் ஆனது. 2013 ஜனவரியில் புல்டோசர் வந்தது. சுமார் 1,500 குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் நிறையப் பேர். அங்கே முதலில் எழுந்த கேள்வி, "உன் பேரில் ஒதுக்கீட்டுக் கடிதம் இருக்கா?" என்பதே. ஆதியில் வீடு ஒதுக்கப்பட்டவர் ஒரு கணக்கு. அவரிடம் வாங்கி வந்தவரும் வாடகைக்கு வந்தவரும் வேறு கணக்கு. பத்து வருஷம் அங்கே அடுப்பெரித்திருந்தாலும் சரி.

இந்த இடத்தில்தான் நம்மவர் நிலைமைக்கு வருகிறேன். பெங்களூரில் நம் ஜனங்களில் எத்தனையோ குடும்பங்கள் சொந்த வீட்டிலும் இல்லை, மாத வாடகையிலும் இல்லை; போக்கியத்தில் இருக்கின்றன. லீசு என்றும் சொல்கிறோம். தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகை, ஆறு லட்சமோ எட்டு லட்சமோ, கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருப்பது. காலி பண்ணும்போது முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஊரில் விற்ற நிலம், சீட்டுப் பணம், அடகு வைத்த நகை. பல குடும்பங்களுக்கு மொத்தச் சேமிப்பே அதுதான். வீட்டுக்காரரோ அதை வாங்கிய வாரமே மாடி கட்டியிருப்பார், அல்லது பெண்ணுக்குக் கல்யாணம் முடித்திருப்பார். அடுத்த போக்கியக்காரர் வந்தால்தான் பழையவருக்குப் பணம் கிடைக்கும். வீடே திட்டத்துக்குள் போய்விட்டால் அடுத்த ஆள் எங்கிருந்து வருவார்? இழப்பீட்டுக் காசோலை காத்தா யார் பேரில் இருக்கிறதோ அவர் கைக்குப் போகும். அதற்கப்புறம் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

சட்டத்தில் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். மெட்ரோவுக்கு நிலம் எடுத்தது 1966-ஆம் ஆண்டு கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டத்தின் கீழ். அதன்படி நோட்டீஸ் உரிமையாளருக்கு மட்டும் உரியதில்லை. அவர் அங்கே குடியில்லாவிட்டால் குடியிருப்பவருக்கும், அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளதாகத் தெரிகிற மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் அவகாசம். போக்கியக்காரர் தாராளமாக இந்த வரிசையில் வருகிறார். 2014 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய நில எடுப்புச் சட்டமோ, நகரத்தில் மூன்று வருஷத்துக்கு மேல் குடியிருந்து, எடுப்பினால் பாதிக்கப்படுகிற குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றே கணக்கில் எடுக்கிறது. எந்தத் திட்டத்துக்கு எந்தச் சட்டம் என்பதை மட்டும் நோட்டீசைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் உரிமை மாறும்.

முட்டுக்கட்டை கையிலிருக்கும் காகிதத்தில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். சுவாதீனத்தோடு கூடிய அடமானமாக எழுதினாலும் பதிவு வேண்டும். நம்மவர்கள் எத்தனை பேர் பதிவு செய்கிறார்கள்? முத்திரைத்தாளில் பதினொரு மாத வாடகை என்று எழுதி, எட்டு லட்சத்தை அட்வான்ஸ் என்று ஒரு வரியில் அடைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் அந்த வரியும் கிடையாது. "நம்ம ஆளுதானே, எதுக்கு அதெல்லாம்?" என்கிற தாட்சண்யம் வேறு. பதிவுச் செலவை யார் ஏற்பது என்ற இழுபறியும், பதிவானால் வரிக்காரன் வருவானே என்ற வீட்டுக்காரர் பயமும் சேர்ந்துகொள்கின்றன. மெட்ரோ தடம் பற்றிய விவாதத்துக்கு மேடை போட்டவர்கள்கூட இந்த விஷயத்தைத் தொட்டதாகத் தெரியவில்லை.

நம் சங்கத்தில் கன்னடம் படித்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கன்னடத்தில் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நூறு வீட்டுப் பத்திரங்களையாவது ஒரே மாதத்தில் படித்துச் சொல்லிவிடலாம். அதுவரை குடியிருப்போர் செய்யக்கூடியது சிறிது: தொகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுப்பது, ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் இருக்கும் விலாசத்துக்கு மாற்றிக்கொள்வது, பத்திரத்துக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வைப்பது. நோட்டீஸ் வீட்டுக்காரர் பேருக்கே வந்திருந்தாலும் அதில் குறித்த நாளுக்குள் போக்கியக்காரரும் தம் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கலாம். கொடுத்ததற்கு முத்திரை குத்திய ரசீது கேட்டு வாங்க வேண்டும்.