வாட்டிடம் கேட்ட கேள்வி

ஜேம்ஸ் வாட் 1769-இல் நீராவி எஞ்சினுக்கு வாங்கிய காப்புரிமையின் விவரக்குறிப்பில் ஒரு வரைபடம்கூடக் கிடையாது. உருளை எப்போதும் நீராவியின் சூட்டிலேயே இருக்க வேண்டும், நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலன் வேண்டும் என்று கொள்கைகளாகவே எழுதியிருந்தார். அந்தக் கலன் எவ்வளவு பெரியது, எப்படிச் செய்வது என்பதற்கெல்லாம் அதில் பதில் இல்லை.

அதைப் படித்து ஒரு பட்டறைக்காரரால் எஞ்சின் செய்ய முடியுமா? அன்றைய இங்கிலாந்தில் இந்தக் கேள்வி காப்புரிமைக்காரரின் கழுத்துக்கே வந்த கத்தி. ஆர்க்ரைட்டின் பஞ்சு பதப்படுத்தும் இயந்திரக் காப்புரிமை 1785-இல் ரத்தானதற்கு, விளக்கம் போதாதது ஒரு முக்கியக் காரணம். வாட் தரப்பு எஞ்சின் செய்துவந்த எட்வர்ட் புல் மேல் தொடுத்த வழக்கில், பழைய எஞ்சின்கள் பழகிய மெக்கானிக்குக்கு அந்தக் குறிப்பு போதும் என்றது ஜூரி. ஆனால் 1795-இல் நீதிபதிகள் இருவர் இருவராகப் பிரிந்து நின்றார்கள். பூட்டும் நீரழுத்த இயந்திரமும் செய்து பேரெடுத்த ஜோசப் பிரமா, அந்தக் குறிப்பு போதாது என்று தலைமை நீதிபதிக்குக் கடிதமே எழுதி அச்சிட்டார். 1799-இல் வேறொரு வழக்கில் வாட் தரப்பு ஜெயித்தது. மறுவருஷமே காப்புரிமைக் காலம் முடிந்தது. பிரமா சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. நாடாளுமன்றம் நீட்டித்துக் கொடுத்த நீண்ட காலத் தனியுரிமைக்கு, ஊருக்குக் கிடைத்த விளக்கம் மிகக் குறைவு.

இன்னொரு கேள்வி பிறகு வந்தது: தொழில் தெரிந்த யாருக்கும் தானாகத் தோன்றக்கூடியதற்கு எதற்குக் காப்புரிமை? மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாகக் களிமண்ணில் கதவுக் குமிழ் செய்ததை 1851-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான் தள்ளியது.

நம் காலத்தில் இரண்டு கேள்விகளும் ஒரே அமெரிக்க வழக்கில் மோதின. ரேதியான் நிறுவனத்தின் காப்புரிமை கியர் வைத்த ஜெட் எஞ்சினுக்கானது. இடையில் கியர் இருப்பதால் விசிறி மெதுவாகவும் டர்பைன் வேகமாகவும் சுழலும். டர்பைன் பகுதியின் கன அளவுக்கு இவ்வளவு உந்துவிசை என்ற வரம்பையும் ரேதியான் கோரியிருந்தது. இது எவருக்கும் தோன்றக்கூடியதே என்றது ஜெனரல் எலெக்ட்ரிக். அது நீட்டிய ஒரே சான்று, நாசாவின் 1987 அறிக்கை. அதில் இருந்ததோ கற்பனை எஞ்சின்: அன்று இல்லாத கூட்டுப் பொருள்கள் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. எண்களைக் கணக்கிட முடிந்தால் போதும் என்று காப்புரிமை வாரியம் ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. தாளில் எண் வந்தால் போதாது, அந்த எஞ்சினைச் செய்யவும் முடிந்திருக்க வேண்டும் என்றது.

வாட்டைத் துளைத்த கேள்வி இப்போது எதிராளியைத் துளைக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பழைய தாள் ஒன்றை மட்டும் நம்பி ஒரு காப்புரிமையைக் கவிழ்க்க வருகிறவர், அதைச் செய்ய முடியாது என்ற ஆட்சேபம் எழுந்தால், அன்றைய பொருள்களையும் அறிவையும் கொண்டே செய்ய முடிந்திருக்கும் என்பதற்கு வேறு ஆவணமோ நிபுணர் சாட்சியமோ கொண்டுவந்தாக வேண்டும்.