பழைய செஸ்னா வாங்கப் போறீங்களா?

இந்த வார எபிசோடைக் கேட்டுட்டு சின்ன விமானம் வாங்கும் ஆசை வந்தவங்களுக்காக இந்தக் குறிப்பு. உதாரணம், 1970-களின் செஸ்னா 172.

பெயின்டைப் பார்த்து மயங்காதீங்க. முதல்ல லாக்புக். கோடுக்கு கமிட் ஹிஸ்டரி மாதிரி, விமானத்துக்கு இது. நடுவில சில வருஷம் காணோம்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க, இல்லன்னா விட்டுடுங்க.

அடுத்து எஞ்சின். "ரொம்பக் கம்மியா ஓடினது" என்பது நல்ல செய்தி இல்லை. 1968 முதல் 1976 வரை வந்த மாடல்களில் இருப்பது லைகமிங் ஓ-320. அதில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கு. மாசக்கணக்கில் சும்மா நின்னா ஆயில் கீழே வடிஞ்சு, அது துருப்பிடிக்கும். அதனாலதான் லைகமிங் 2000 மணி நேரத்தோட சேர்த்து 12 வருஷம்னும் ஓவர்ஹாலுக்கு வரம்பு சொல்லுது.

மூணாவது, சீட் ரெயில். அதோட துளைகள் தேய்ஞ்சிருந்தா, டேக்-ஆஃப் நேரத்தில் சீட் பின்னால வழுக்கும். பைலட் பிடிச்சிருக்கும் யோக்கும் கூடவே வரும். விமானத்தோட மூக்கு திடீர்னு மேலே தூக்கும். உயிர் போற விஷயம். அமெரிக்காவின் எஃப்ஏஏ இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கு.

விற்கிறவரோட மெக்கானிக்கை நம்பி வாங்காதீங்க. அந்த விமானத்தை இதுவரை தொடாத ஒருத்தரை, உங்க காசிலேயே கூட்டிட்டுப் போங்க.